ஒரு சொல், மூன்று வாய்

மயிலாப்பூர் மாட வீதியில் என் பெரியம்மாவின் சமையலறையில் அரை மணி உட்கார்ந்தால் போதும். மொழிநூல் படிக்க வேறெங்கும் போக வேண்டாம்.

"ஏண்டி, இப்பத்தான் வந்துண்டிருக்கியா?" என்பாள் பெரியம்மா.

"இன்னா மாமி, பஸ்ஸு கெடைச்சாத்தானே! வந்துக்கினேதான் கீறேன்" என்பாள் பாத்திரம் தேய்க்க வருகிறவள்.

பேத்தியோ கைப்பேசியில், "இதோ வந்துட்டிருக்கேன்பா" என்று சிநேகிதியிடம் சத்தியம் செய்வாள். (காலில் செருப்புகூட ஏறியிராது!)

ண்டு, கினு, ட்டு மூன்றும் 'கொண்டு' என்ற ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

பெரியப்பா பாங்கியில் வேலை பார்த்தவர். வாசற்படிக்கு உள்ளே 'ஆம்', 'ஜலம்'. தாண்டினால் 'வீடு', 'தண்ணி'. பிராமண ஆண்கள் பலருக்கு இப்படி இரண்டு நாக்கு. ஆபீசும் பஸ்ஸும் கற்றுக் கொடுத்தவை. பெரியம்மாவுக்கு அந்த அவசியமே நேரவில்லை. இப்போது பேத்தி வீட்டுக்குள்ளும் 'தண்ணி' என்கிறாள். "நான் பேசறது அவ்வளவு அசிங்கமாடி?" என்று பெரியம்மா ஒரு நாள் கேட்டேவிட்டாள். 'ஆம்' என்பது 'அகம்' என்ற பழந்தமிழ்ச் சொல்லின் மிச்சம். அசிங்கம் அதில் எங்கே இருக்கிறது?

அரபு நாட்டிலும் இந்தக் கூத்து உண்டு. ஜோர்டானின் தலைநகரான அம்மானில் உள்ளூர்க்காரர்களுக்குக் காப்பி 'கஹ்வா'. 1948-இல் பாலஸ்தீனத்திலிருந்து வந்த நகரவாசிகள் முதல் எழுத்தை விழுங்கி 'அஹ்வே' என்றார்கள். உள்ளூர்ப் பெண்கள் மெல்ல அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். ஆண்பிள்ளைகள் விஷயம் நேர் எதிர். 1970 உள்நாட்டுச் சண்டைக்குப் பிறகு, பாலஸ்தீனப் பையன்களும் உள்ளூர் ஆண்கள் நடுவே 'க' போட்டுப் பேசப் பழகினார்கள். அதிகாரம் அந்த 'க'வின் பக்கம் இருந்தது. இனாம் அல்-வேர் என்ற மொழி ஆராய்ச்சி அம்மையார் இதையெல்லாம் விரிவாக எழுதியிருக்கிறார்.

நம் ஊரில் அதிகாரம் எந்த எழுத்தில் இருக்கிறது என்பது வீடு தேடும்போது தெரியும்.

என்னோடு வேலை பார்க்கும் மதுரைப் பெண் ஒருத்தி தியாகராய நகரில் ஒரு மாடி வீடு பார்க்கப் போனாள். வீட்டுக்கார அம்மாள் ஜாதி கேட்கவில்லை, அவ்வளவு நாகரிகம்! "என்ன சாப்பிடறேள்?" என்று மட்டும் கேட்டாள். "தண்ணி மட்டும் போதும்மா, வெயில்ல நடந்துகிட்டே வந்தேன்" என்றாள் இவள். தண்ணீர் வந்தது. கூடவே, வேறு யாரோ அட்வான்ஸ் கொடுத்துவிட்ட சேதியும் வந்தது.

'ஆத்து பாஷை' சொல்லித் தருவதாக ஆபீசில் ஒருத்தி முன்வந்தாள்.

"வாடகையும் குடுத்து, வேஷமும் போடணுமாக்கும்?" என்று மறுத்துவிட்டாள் மதுரைக்காரி.

இப்போது அடையாற்றில் இருக்கிறாள். அந்த வீட்டுக்காரி, "இன்னாம்மா, சாவி இந்தா" என்று பேசுகிறவளாம். வாடகைதான் மூவாயிரம் கூட.