தோள்பட்டை இறங்கினால்…

தை மாதம் வந்தால் எங்கள் திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களில் கபடி களைகட்டும். தோள்பட்டை இறங்கிய பையன்களையும் அங்கே பார்க்கலாம். "ஒருக்கா இறங்கினா இறங்கிக்கிட்டேதான் இருக்கும்" என்பார்கள் பெரியவர்கள். அது ஏன் என்பது என் தங்கை மகனுக்கு மூன்றாம் முறை இறங்கியபோதுதான் எனக்கு விளங்கியது.

பாடிப் போனவனின் நீட்டிய கையை எதிரணியார் பிடித்துப் பின்னால் இழுக்க, மூட்டு முன்பக்கம் நழுவிவிட்டது. முதல் இரண்டு தடவையும் மைதானத்திலேயே யாரோ அக்குளில் காலை வைத்து இழுத்துச் சேர்த்தார்கள். ஹிப்போகிரட்டிஸ் காலத்து முறை அது. எலும்பு முறிந்திருந்தாலோ நரம்பு நசுங்கியிருந்தாலோ என்ன ஆவது? எக்ஸ்ரே பார்க்காமல் யாரையும் இழுக்க விடாதீர்கள். மூன்றாம் முறை முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம்.

பையன் அதற்குப் பிறகு ஜிம்மே கதி என்று கிடந்தான். புஜம் திரண்டது, தோள் மட்டும் நம்பிக்கை தரவில்லை. விழுப்புரத்தில் ஒரு பிசியோதெரபிஸ்ட்தான் புரியவைத்தார். இடுப்பு மூட்டு ஆழமான கிண்ணம். தோள்மூட்டோ சின்னத் தட்டில் வைத்த எலுமிச்சம்பழம். தட்டின் விளிம்பில் ஒரு ஜவ்வு உண்டு. மூட்டு முன்பக்கம் நழுவும்போது அது கிழிந்துபோகும். லண்டன் டாக்டர் பேங்கார்ட் 1923-லேயே இதை எழுதிவிட்டார். மீதிக் காவல் தசைகளுடையது. நல்ல தோளில், கை அசையச் சற்று முன்பே மூட்டைச் சுற்றியுள்ள சின்னத் தசைகள் இறுகி, பழத்தைத் தட்டோடு அணைத்துக்கொள்ளும்.

1988-இல் அமெரிக்காவில் பேஸ்பால் வீரர்களின் தோள் தசைகளில் மெல்லிய கம்பிகளைச் செருகி, பந்து எறியும்போது எது எவ்வளவு உழைக்கிறது என்று பார்த்தார்கள். தோள் நழுவும் வீரர்களுக்குப் புஜத்தசையும் தோளின் மேல்தசையும் கூடுதலாக உழைத்தன. மார்புத்தசை, தோள்பட்டை எலும்புக்கு உட்புறத் தசை, அந்த எலும்பை விலாவோடு பிடித்து நிறுத்தும் தசை ஆகியவை ஆரோக்கியமானவர்களைவிடக் குறைவாக உழைத்தன. முன்பக்கம் காவல் காக்க வேண்டியவர்களே திண்ணையில் உட்கார்ந்துவிட்ட கதை! அப்புறம் புஜத்தை மட்டும் வளர்த்து என்ன பயன்?

இப்போது அவன் செய்வதெல்லாம் பார்க்கச் சிறுபிள்ளை விளையாட்டு போலிருக்கும். சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு ரப்பர் பட்டையை இழுப்பது, பந்தைச் சுவரில் அழுத்தி உருட்டுவது. ஜவ்வு கிழிந்திருப்பதால் துளை போட்டுத் தைக்கும் ஆபரேஷனும் தேவைப்படலாம் என்கிறார் டாக்டர்.

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நமக்குத் தோள் இறங்கினால், மறுபடி இறங்குவதைவிடத் தசைநார் கிழிவதுதான் பெரிய பயம். மூட்டைச் சேர்த்த பிறகும் கையைத் தூக்க முடியவில்லை என்றால் 'வயசாச்சு' என்று தள்ளிப்போடாதீர்கள்.

பையனுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்குப் போக ஆசை. "வலியே இல்ல மாமா, ஒரே ஒரு மேட்ச்" என்று கேட்டுப் பார்த்தான். என் தங்கை பேசவே விடவில்லை. இந்தப் பொங்கலுக்குக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து பாயிண்ட் எழுதினான்.