ஆறாவது அறை

ஊரில் துவக்கைக் கண்டால் வேலியோரம் ஒதுங்கி நடக்கப் பழகியவர்கள் நாங்கள். ரெக்ஸாஸில் குடியேறிய புதிதில், பக்கத்து வீட்டுக் கிழவர் தன் கொல்ட் ரிவோல்வரைச் சாப்பாட்டு மேசையில் வைத்ததும் எழும்பிப் போகத்தான் நினைத்தோம். மரியாதைக்காக இருந்தோம்.

1873 இல் அமெரிக்க இராணுவம் ஏற்றுக்கொண்ட வகை அது. சுத்தியலை ஒவ்வொரு முறையும் பெருவிரலால் பின்னுக்கு இழுக்கவேண்டும். விசை செய்வது அதை விழவிடுகிற ஒரே வேலை. அதனால்தான் சிங்கிள் அக்ஷன் என்கிறார்கள். அறைகள் ஆறு. கிழவர் போடுவது ஐந்து ரவைகள். ஒன்றைப் போட்டு, அடுத்த அறையை விட்டு, பிறகு நாலைப் போட்டு, சுத்தியலை முழுதாக இழுத்து மெல்ல இறக்கினால் அது வெறும் அறையின்மேல் வந்து நிற்கும். ஆறையும் நிரப்பினால் சுத்தியலின் ஊசி ரவையின் அடியில் முட்டிக்கொண்டிருக்கும். கைதவறி நிலத்தில் விழுந்தாலே போதும். சுத்தியலைச் சற்றுத் தூக்கி நிறுத்த ஒரு வெட்டு உண்டுதான். அடிபட்டால் அது உடையும், நம்பக்கூடாது என்றார்.

1876 தை மாதம் கன்சாஸின் விச்சிற்றா நகரில் பொலிஸாக இருந்த வையற் ஏர்ப்புக்கு இதுதான் நடந்தது. கதிரையில் இருந்தவரின் உறையிலிருந்து ரிவோல்வர் விழுந்து வெடித்து, சன்னம் கோட்டைத் துளைத்துக்கொண்டு கூரைக்குப் போனது. படங்களில் குறியே தவறாத அதே ஏர்ப்! ரூகர் கம்பனி 1973 இல்தான், விசையை அழுத்தினால் மட்டும் இடையில் எழும்புகிற ஒரு தகட்டை வைத்தது. அந்த வகையில் ஆறும் போடலாம்.

பிறகு கொல்ட் 1911 பிஸ்டலைப் பற்றிச் சொன்னார். ரவை ஏற்றி, சுத்தியலை இழுத்தபடி, பக்கத்துப் பூட்டைப் போட்டுக்கொண்டு போகலாம். அல்லது அறையை வெறுமையாக விடலாம். ரவை ஏறிய அறைமேல் சுத்தியலைப் பெருவிரலால் இறக்குவதுதான் ஆபத்து. விரல் வழுக்கினால் முடிந்தது. எப்படியானாலும் விசையை மூடுகிற உறை வேண்டும், இடுப்பில் சும்மா செருகக்கூடாது என்றார்.

அந்த இடத்தில் எங்களுக்குக் கதை நின்றுபோனது.

1986 இல் எங்களோடு படித்தவன் ஒருவன் சாரத்துக்குள் பிஸ்டலைச் செருகிக்கொண்டு சைக்கிளில் வந்தான். பக்கத்து ஊர் ஒழுங்கையில் இறங்கும்போது வெடித்தது. தொடையில். ஒரு வீட்டுக் கதவைக் கழற்றி அதில் கிடத்தித் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆஸ்பத்திரி வரை தாங்கவில்லை. பதினேழு வயது. அறையில் ரவை ஏறியிருந்தது அவனுக்குத் தெரிந்திருக்குமா என்பதே சந்தேகம். இத்தனைக்கும், இடியன் துவக்கோடு பன்றி வேட்டைக்குப் போகிற எங்கள் அப்புமார் மிருகத்தைக் காணும்வரை கேப்பை மடியில்தான் முடிந்து வைத்திருப்பார்கள். அவர்களிடம் போய்க் கேளடா என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

தாயாரிடம் சண்டையில் போனான் என்று சொன்னோம். 2004 இல் அவர் கண்மூடும்வரை அந்தக் கதையை நாங்கள் திருத்தவில்லை. அன்றிரவு கிழவரிடம்தான் முதன்முதலாக உள்ளதைச் சொன்னோம்.