தொன்மையும் ஒரு கண்ணாடித் தொட்டியும்

தமிழ் பயிலும் மாணவரிடையே 'தொன்மை' என்னும் சொல் பெருவழக்கினது. மொழியின் தொன்மை, இலக்கியத்தின் தொன்மை என நாம் பேசுங்கால், மாறாதிருத்தலே தொன்மையின் இலக்கணம் என்ற எண்ணமும் நம்மை அறியாமலே அச்சொல்லுடன் ஒட்டிக்கொள்கிறது. அவ்வெண்ணத்தை மீள ஆராயுமாறு என்னைத் தூண்டியது, யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு விறாந்தையிற் கண்ணாடித் தொட்டியொன்றில் நான் வளர்த்த சிறு நன்னீர் உயிரினமாகும்.

திரையொப்சு என்பது அதன் பெயர். இரு கூட்டுக்கண்களுக்கு இடையே எளிய கண்ணொன்றும் உண்டு ஆதலின், 'முக்கண்' எனப் பொருள்படும் இக்கிரேக்கப் பெயரை 1803 இல் சிராங்கு என்னும் அறிஞர் இட்டார். இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்து உறவான இவ்வுயிரினம் தோற்றத்தில் இரண்டையும் ஒத்திராது. முதுகை மூடிய கேடயம் போன்ற ஓடு, அதன் கீழே எழுபது இணை வரையிலான இலை போன்ற கால்கள், பின்னே இரு நீண்ட வால் இழைகள் என, பாறையிற் பதிந்த உயிர்ச்சுவடொன்று எழுந்து நீந்துவது போலவே அது காணப்படும்.

மேலை நாடுகளில் இதன் முட்டைகள் உலர்ந்த நிலையிற் சிறு பொதிகளாகச் சிறுவர்க்கு விற்கப்படுகின்றன. யேர்மனியிலிருந்து வந்த மாமா என் தங்கைக்கெனக் கொணர்ந்த பொதி என் கைக்கு வந்து சேர்ந்தது. எங்கள் கிணற்று நீர் சுண்ணக்கல்லினூடாக ஊறி வரும் வன்னீர். இம்முட்டைகளோ உப்புக் குறைந்த நீரிலேயே நன்கு பொரிப்பவை. எனவே கார்த்திகை மழைநீரைப் பிடித்துத் தொட்டியை நிரப்பி, வெளிச்சம் படும் இடத்தில் வைத்தேன். இரண்டாம் நாள் வெண்புள்ளிகள் சில நீரில் துடித்தன. ஒரு வாரத்தில் ஓடும் வாலும் தெளிவாயின. வளருந்தோறும் பழைய ஓட்டைக் கழற்றின, மீனுணவை உண்டன, மெலிந்த உடன்பிறப்புகளையும் உண்டன. "உதென்ன பிள்ளை, தலைகீழாய் நீந்துது?" என்று அம்மா நாள்தோறும் வந்து பார்ப்பார். மூன்றாம் வாரத்தில் அவை மணலைக் கிளறி முட்டையிடத் தொடங்கின. இறுதியாக எஞ்சியது ஐம்பத்திரண்டாம் நாள் இறந்தது. வெயிற்கு முன் வற்றிவிடும் குட்டைகளில் வாழப் பிறந்த உயிருக்கு அது நிறைவாழ்வே.

'வாழும் உயிர்ச்சுவடு' என்று இதனைப் போற்றுவர். இத்தொடர் சார்ள்ஸ் டார்வின் 1859 இல் வெளியிட்ட 'இனங்களின் தோற்றம்' என்னும் நூலிலே வேறு சில விலங்குகளைக் குறித்து எழுந்தது. 20 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட பாறைகளில் இதன் வடிவை ஒத்த சுவடுகள் கிடைத்துள்ளமை உண்மையே. ஆயினும் 2013 இல் வெளிவந்த மரபணு ஆய்வொன்று, இன்று வாழும் இனங்கள் அப்பாறைகளின் காலத்துக்கு மிகவும் பிந்திக் கிளைத்தவை எனக் காட்டியது. உருவம் பழையது; உள்ளே கூர்ப்பு ஓய்ந்ததேயில்லை.

அவ்வாறாயின் இக்குலம் நிலைத்ததன் காரணம் யாது? அதனை முட்டையிற் காணலாம். உலர்ந்த சேற்றில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகவும் அது உயிர்ப்புடன் கிடக்கவல்லது. அதனினும் வியப்புக்குரியது, முதல் மழையில் எல்லா முட்டைகளும் பொரிப்பதில்லை என்பதாகும். ஒரு பகுதி பொரிக்க, எஞ்சியவை இரண்டாம் மழைக்கோ மூன்றாம் மழைக்கோ காத்திருக்கும். முதல் மழை ஏமாற்றிக் குட்டை விரைவில் வற்றினும் குலம் அழிவதில்லை. விதைநெல் முழுவதையும் ஒரே மழையை நம்பி வயலில் இறைத்துவிடாத உழவனின் மதிநுட்பம் இது.

தொட்டி வற்றியபின் எஞ்சிய மணலை என் செய்வது என்ற கேள்வி எழுந்தது. குளத்திற் கொட்டிவிடுமாறு அயலவர் கூறினர். நான் இசையவில்லை. நான் வளர்த்தது அமெரிக்கக் கண்டத்துக்குரிய இனம். யப்பானிய வயல்களிற் சேற்றைக் கிளறிக் களைகளை அழிப்பதால் அது உழவரின் நண்பன் எனப்படும். அங்கே நாற்று வேரூன்றிய பின்னரே நடப்படுகிறது. நீரில் நேரே நெல் விதைக்கும் கலிபோர்ணியாவிலோ இளம் பயிரைக் கெடுக்கும் பீடை அது. வீச்சு விதைப்பு மிகுந்த நம் நாட்டு வயல்களில் அது நண்பனாகுமா என்று சோதித்துப் பார்க்கும் உரிமை எனக்கில்லை. மணல் இன்று மூடிய போத்தலில் இருக்கிறது.

அந்தப் போத்தலைக் காணுந்தோறும் ஏட்டுச்சுவடிகளே என் நினைவுக்கு வருகின்றன. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்தார், உ. வே. சாமிநாதையர் 1894 இற் புறநானூற்றைப் பதிப்பித்தார். அதுகாறும் அந்நூல்கள் மிகச் சிலரே அறிய ஏடுகளில் உறங்கிக் கிடந்தன. அச்சு என்னும் மழை பெய்தபோது அவை மீண்டும் உயிர்த்தன. ஆனால் ஒப்புமை அவ்வளவில் முடிகிறது. முட்டை தானே காத்திருக்கும்; ஓலை தானே காத்திராது. செல்லுக்கும் ஈரத்துக்கும் இரையாகுமுன் தலைமுறைதோறும் எவரோ ஒருவர் அதனைப் படியெடுத்திருத்தல் வேண்டும். அங்ஙனம் எடுக்கப்படாதவை அழிந்தே போயின.

ஆகவே தொன்மையைப் பெருமையாக மட்டும் பேசுதல் போதாது. முன்னோர் நமக்கென விட்டுவைத்தது எவ்வளவு என்று கணக்கிடும் நாம், இன்னும் பெய்யாத மழைகளுக்கென எதனைப் படியெடுத்து வைக்கின்றோம் என்றும் கேட்டல் வேண்டும். அக்கேள்விக்கு விடை கூறவேண்டியவர் இம்மலரைக் கையில் ஏந்தியிருக்கும் நாமே.