டிசி கொடுத்தா கஞ்சா போயிடுமா?

குச்சிக்கிழங்கு விலையைப் பத்தி எழுதலாம்னு இருந்தேன். ஊருல பேச்சு இப்ப வேற.

நம்ம பக்கம் கஞ்சா விளையிறதில்லைங்க, வருது. ஆந்திரா, ஒடிசா மலைக்காட்டுல இருந்து ரயில்ல ஏறுது. தன்பாத் - ஆலப்புழை எக்ஸ்பிரஸ்ல, சேலம் ஜங்ஷன்ல, சீட்டுக்கடியில கிடந்த பையைப் பிடிச்சாங்கன்னு பேப்பர்ல அடிக்கடி பார்க்கலாம். 2021 டிசம்பர்ல போலீஸ் 'ஆபரேஷன் கஞ்சா வேட்டை' தொடங்குச்சு. 2022 ஆகஸ்டுல பள்ளிக்கூடம் பூரா போதைக்கு எதிரா உறுதிமொழி எடுத்தாங்க. நல்ல விசயம்தான். ஆனா ஏற்கெனவே இழுத்துப் பழகின பையனும் அதே வரிசையில நின்னு சத்தமாத்தான் சொல்லியிருப்பான். அவனுக்கு என்ன வழி?

பக்கத்துக் காட்டுக்காரர் பையன் பதினொண்ணாவது படிக்கிறான். பையில பொட்டலம் இருந்துச்சுன்னு, டிசி வாங்கிக்கங்கன்னுட்டாங்க. "ஏனுங்ணா, பேசாம ரிக் வண்டிக்கு அனுப்பிரட்டுமா?"ன்னு அவங்கப்பா கேட்டார். ரிக்குன்னா போர் போடுற வண்டி. திருச்செங்கோட்டுல கிளம்பினா வடக்கே எங்கெங்கேயோ மாசக்கணக்குல சுத்தும். பதினாறு வயசு, கேட்க ஆளில்லாத இடம், கையில காசு. வேண்டாம்னேன்.

ரெண்டு பேரும் போய்ப் பேசினதுல, டிசிக்குப் பதிலா கவுன்சிலிங்னு ஒத்துக்கிட்டாங்க. புதன்கிழமைல ஒரு அம்மா வர்றாங்க. "ஏன்டா பண்ணினே?"ன்னு அவங்க கேட்கவே இல்லையாம். எப்போ, யாரோட, எந்த எடத்துல, இழுத்தா என்ன மாதிரி இருக்கு? இதுதான் கேள்வி. ஸ்கூல் விட்டு அந்தக் கூட்டாளிக நிக்கிற கிணத்து மேட்டு வழியா வராம, வேற பஸ்ல வர்றதுக்கு அவனையே திட்டம் போட வெச்சிருக்காங்க.

அப்பனுக்கும் பாடம் உண்டு. "நிறுத்தின முதல் ஒண்ணு ரெண்டு வாரம் தூக்கம் வராது, சோறு எறங்காது, எரிஞ்சு எரிஞ்சு விழுவான். மறுபடி தொட்டுட்டான்னு நினைச்சு கை வெச்சிடாதீங்க." இதை யாரும் சொல்லலைன்னா அவர் முதல் நாளே விளாசியிருப்பார். மனுசன் அப்படி.

பயந்துக்கிட்டு மறைக்கிற பெத்தவங்களுக்கு ஒண்ணு. சிறுவர் நீதிச் சட்டம் 2015, 77-ஆம் பிரிவுப்படி பிள்ளைக்குப் போதைப்பொருள் கொடுக்கிறவனுக்குத்தான் 7 வருசம் வரைக்கும் ஜெயில். உங்க புள்ளைக்கு உதவின்னா பள்ளிக்கல்வித் துறையோட 14417, போதை மீட்புக்கு 14446. ரெண்டும் இலவசம்.

மூணு புதன் ஆச்சு. நாலாவதுக்கு அவன் போகலை. அந்தம்மாவே போன் பண்ணி, "திட்டாம அடுத்த வாரம் கூட்டிட்டு வாங்க"ன்னாங்களாம்.