லாரித் தண்ணீரும் ஒரு கேள்வியும்

1993-ல் வேளச்சேரி தாண்டி மனை வாங்கி வீடு கட்டியபோது, முதல் வேலையாகக் கிணறு தோண்டினோம். பதினைந்து அடியில் தண்ணீர். கட்டட வேலை முழுக்க அந்தத் தண்ணீரில்தான் நடந்தது.

பத்து வருடம் கழித்து, இரண்டு மனை தள்ளி ஒருவர் ஆழமாக போர் போட்டுத் தண்ணீர் விற்க ஆரம்பித்தார். விடியற்காலை மூன்று மணிக்கே லாரிகள் வரிசை கட்டி நிற்கும். அடுத்த கோடையில் எங்கள் கிணற்றில் வாளி தரை தட்டியது.

நேரில் போய்ச் சொன்னேன். "என் நிலம், என் தண்ணி, சார்" என்றார்.

அலுவலக நண்பர் ஒருவர்தான் விவரம் சொன்னார். சென்னைப் பெருநகர்ப் பகுதிக்கான நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் 1987-லேயே வந்துவிட்டதாம். சென்னையிலும் அந்தச் சட்டத்தின் பட்டியலில் உள்ள சுற்றுவட்டாரக் கிராமங்களிலும் கிணறு தோண்ட அனுமதி வேண்டும். விற்பதற்காக நீர் எடுக்கவும் அதை லாரியில் ஏற்றிப் போகவும் உரிமம் வேண்டும். நிலம் அவருடையதாக இருக்கலாம், அடியில் ஓடும் நீர் தெருவுக்கே பொது என்பதுதான் அதன் சாரம்.

சூட்டோடு சூடாக மனு எழுதிக் கொடுத்தேன். முத்திரை குத்தித் திருப்பித் தந்த நகல் இன்னும் பீரோவில் இருக்கிறது. பதில்தான் வரவில்லை. ஒரு விஷயத்தை மட்டும் மனுவில் நான் எழுதவில்லை: என் கிணற்றுக்கும் நான் அனுமதி வாங்கியிருக்கவில்லை.

2019 கோடை உங்களுக்கும் நினைவிருக்கும். ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த வருடம். எங்கள் சம்ப் காய்ந்துவிட்டது. வேறு வழியில்லாமல் தனியார் லாரிக்குச் சொன்னோம். நான்கு நாள் காத்திருந்தபின் வந்தது.

"இந்தத் தண்ணிக்கு லைசென்ஸ் இருக்கான்னு கேட்கட்டுமா?" என்றேன்.

"சும்மா இருங்க. அடுத்த லோடு வராம போயிடும்" என்றாள் மனைவி.

சும்மா இருந்தேன்.

போன வருடம்தான், அவசரம் எதுவும் இல்லாத ஒரு நாளில், டிரைவரிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "இருபது வருஷமா லாரி ஓட்டறேன். இதுவரைக்கும் வாங்குறவங்க யாரும் கேட்டதில்ல சார்" என்றார்.

அதிகாரிகளைக் குறை சொல்லியே பழகிவிட்டோம். சட்டம் ஏட்டில் தூங்கியதற்கு என் சம்ப்பும் ஒரு காரணம்தான். அடுத்த முறை லாரி வரும்போது நீங்களும் கேட்டுப் பாருங்கள். நாலு பேர் கேட்டால், ஐந்தாவது வீட்டுக்கு வரும்போது அவர் அந்தக் காகிதத்தைக் கையில் வைத்திருக்கக்கூடும்.