பட்டியல் போடுவது பற்றி

பத்துப் புத்தகங்கள் சொல்லுங்கள் சார், என்று கேட்டார் அந்த இளைஞர். எங்கள் மாடியில் குடியிருப்பவர். காகிதமும் பேனாவும் கையோடு கொண்டு வந்திருந்ததால் தப்பிக்க முடியவில்லை. பட்டியல் என்ற சொல்லையே கேலிக்கு வைத்திருந்த கூட்டத்தைச் சேர்ந்தவன் நான் என்பது அவருக்குத் தெரிய நியாயமில்லை. க.நா.சு. பட்டியல் போடுகிறார் என்று சொல்லிவிட்டாலே அவரை மறுத்தாகிவிட்டது என்று ஒரு காலத்தில் எங்களுக்கு நினைப்பு. ஏன் நல்லது, எந்த இடத்தில் நல்லது என்று சொல்லாமல் பெயர்களை அடுக்குவது விமர்சனமா என்று கேட்போம். செல்லப்பாவின் பக்கம் நின்றுகொண்டு அலசல், அலசல் என்போம். நாங்கள் அலசியது எவ்வளவு என்பது வேறு விஷயம்.

அவர் பெயர்களைச் சொன்னதோடு நின்றுவிடவில்லை என்பது பிறகுதான் உறைத்தது. 'படித்திருக்கிறீர்களா?' என்று ஒரு புத்தகத்துக்கே தலைப்பு வைத்தவர் அவர். இல்லை என்றுதான் பதில் வரும் என்பதும் அவருக்குத் தெரியும். அதனால் தாமே உட்கார்ந்து மொழிபெயர்த்தும் வைத்தார். ஸ்வீடிஷ் மொழியிலிருந்தும் நார்வேஜிய மொழியிலிருந்தும் ஆங்கிலத்தின் வழியாக வந்த மூன்று நாவல்கள்: லாகர்லெவின் 'மதகுரு', ஹாம்ஸனின் 'நிலவளம்', லாகர்க்விஸ்டின் 'அன்பு வழி'. ஒரு புத்தகத்தை முழுசாகத் தன் மொழியில் எழுதிப் பார்ப்பதைவிடப் பெரிய அலசல் என்ன இருக்கிறது? இளைஞரின் காகிதத்தில் இந்த மூன்றை மட்டும் எழுதிக் கொடுத்தேன். மீதி ஏழு எங்கே என்று அவர் கேட்கவில்லை, மரியாதை தெரிந்தவர்.

'மதகுரு'வைப் பற்றி அதிகம் சொல்ல எனக்குத் தகுதியில்லை. மூன்றில் எனக்குக் குறைவாக ஒட்டியது அது. 1891-ல் வெளிவந்த, லாகர்லெவின் முதல் நாவல். வெர்ம்லாண்ட் என்ற பிரதேசத்தின் பழங்கதைகள், குடிகாரப் பிரபுக்கள், பிசாசோடு ஒப்பந்தம் என்று ஆரவாரமாகப் போகும். ஆனால் அதன் ஆரம்பத்தை மறக்க முடியாது. குடித்துக் கெட்ட இளம் பாதிரியை விசாரிக்க பிஷப் வந்திருக்கிறார். அன்று பிரசங்க மேடையில் அவன் பேசுகிற பேச்சில் எல்லாருமே தோற்றுப்போகிறார்கள்; அவன் பிழைத்துவிட்டான். அந்த இரவிலேயே, அவனுக்கு உதவுவதாக நினைத்து, குடிகார நண்பன் ஒருவன் பிஷப்பை வண்டியில் ஏற்றிக் கண்மண் தெரியாமல் ஓட்டிப் பயமுறுத்தி, எல்லாவற்றையும் கெடுத்துவிடுகிறான். சிநேகிதம் ஒரு மனிதனை அழிப்பதை இவ்வளவு சிரிப்போடு வேறு யாரும் சொல்லி நான் படித்ததில்லை. இதற்காகவே படிக்கலாம்.

'அன்பு வழி'யின் விஷயம் வேறு. சின்னப் புத்தகம்; ஒரு மாலையில் முடிந்துவிடும். ஏசுவுக்குப் பதிலாக விடுதலையான பாரபாஸ் என்ற கொள்ளைக்காரனுக்கு அதன் பிறகு என்ன ஆயிற்று என்பதுதான் கதை. தனக்காக ஒருவன் செத்தான் என்பதை உலகத்திலேயே நேரடியான அர்த்தத்தில் சொல்லிக்கொள்ளக்கூடியவன் அவன் ஒருவன்தான். அவனால்தான் நம்ப முடியவில்லை. சைப்ரஸின் தாமிரச் சுரங்கத்தில் ஸாஹக் என்ற விசுவாசியோடு ஒரே சங்கிலியில் பிணைக்கப்பட்டிருக்கிறான். ஸாஹக்கின் கழுத்தில் தொங்கும் அடிமை வில்லையின் பின்புறம் ஏசுவின் பெயர் கீறப்பட்டிருக்கிறது. பாரபாஸும் தன் வில்லையில் அதைக் கீறி வாங்கிக்கொள்கிறான். ரோமானிய அதிகாரி விசாரிக்கும்போது ஸாஹக் மறுக்காமல் சிலுவைக்குப் போகிறான். பாரபாஸ் தனக்குக் கடவுள் இல்லை என்கிறான். அவன் வில்லையில் உள்ள பெயரை அதிகாரி கத்தியால் அடித்துவிடுகிறான். கடைசியில் அவனும் சிலுவையில்தான் சாகிறான். உயிரை ஒப்படைக்கும் வார்த்தை அவன் வாயிலிருந்து வருகிறது. அது கடவுளுக்குச் சொன்னதா, எதிரே இருந்த இருட்டுக்குச் சொன்னதா என்பதை லாகர்க்விஸ்ட் தீர்த்துவைக்கவில்லை.

நம் ஊரில் கடவுள் உண்டு என்பவனுக்கு மேடை உண்டு; இல்லை என்பவனுக்கும் மேடை உண்டு. நம்பவேண்டும் என்று ஆசைப்பட்டு முடியாமல் போகிறவனுக்கு உட்கார ஒரு திண்ணைகூடக் கிடையாது. அம்மாவின் கருமாதியன்று படித்துறையில் சொன்னதையெல்லாம் செய்துகொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற சித்தப்பா மனமுருகி அழுதார். எனக்குத் தண்ணீரின் குளிர்ச்சி மட்டும் தெரிந்தது. பெயர் அடிக்கப்பட்ட வில்லை அப்போது ஞாபகம் வந்தது. துக்கத்தில் புத்தகம் ஞாபகம் வருவது நல்ல குணமா என்று தெரியவில்லை.

'நிலவளம்' பற்றித்தான் சொல்ல வந்தேன், சுற்றிக்கொண்டே இருக்கிறேன். 1917-ல் வெளிவந்த நாவல். ஐஸக் என்றொருவன் மனித வாசனையில்லாத காட்டுக்குள் தனியாக நடந்து போகிறான், நிலம் பார்த்து உட்காருகிறான். பிளந்த உதட்டோடு பிறந்த இங்கர் என்றொருத்தி எங்கிருந்தோ வந்து சேர்ந்துகொள்கிறாள். தன்னைப் போலவே பிளந்த உதட்டோடு பிறந்த பெண் குழந்தையைப் பிறந்த கையோடு கொன்றுவிட்டுச் சிறைக்குப் போகிறாள். சிறையில் அவள் உதட்டைத் தைத்துச் சரிசெய்கிறார்கள். தையல் கற்றுக்கொண்டு, பட்டணத்துப் பேச்சோடு திரும்பி வருகிறாள். இதையெல்லாம் ஹாம்ஸன் சொல்கிற விதம், பருவம் மாறுவதைச் சொல்கிற மாதிரி இருக்கும். க.நா.சு.வின் தமிழ் பல இடங்களில் கல் தடுக்கும், அவசரம் தெரியும். ஆனால் அலங்காரம் செய்ய நேரமில்லாத அந்தத் தமிழ் இந்த நாவலுக்குப் பொருந்திப் போய்விட்டது.

எல்லாரும் ஐஸக்கைச் சொல்வார்கள். என்னைப் பிடித்தவன் அவனுடைய மூத்த மகன் எலெஸியூஸ். எழுதப் படிக்கத் தெரிந்ததால் பட்டணத்து ஆபீஸுக்குப் போய், பேனா பிடித்து, நிலத்துக்கும் உதவாமல் பட்டணத்துக்கும் உதவாமல் போகிறவன். ஐஸக் புல் அறுக்கும் யந்திரம் ஒன்று வாங்கி வருகிறான். அதோடு வந்த அச்சடித்த காகிதம் அவனுக்குப் பிடிபடவில்லை. அது எலெஸியூஸின் கைக்குப் போகிறது.

1966-ல் அப்பா ஆயில் எஞ்சின் வாங்கினார். குடமுருட்டிக் கரையில் எங்களுக்கு இருந்தது ஏழு மா. எஞ்சினோடு வந்த புஸ்தகம் இங்கிலீஷில் இருந்தது. "இதைப் படிச்சுச் சொல்லு தம்பி" என்று கொடுத்துவிட்டு, குருவிடம் உபதேசம் கேட்கிறவரைப் போலத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். எனக்குப் பாதி புரியவில்லை. புரிந்த மாதிரி வாசித்துப் புரிந்த மாதிரி சொன்னேன். எஞ்சின் ஓடவில்லை. மறுநாள் பட்டறைக்காரர் வந்து புஸ்தகத்தைத் திறக்காமலே ஓட்டிக் காட்டினார். "தம்பி சரியாத்தான் சொல்லிச்சு, எனக்குத்தான் பிடிபடலே" என்று அவரிடம் அப்பா சொன்னார். அதற்குப் பிறகு நான் சென்னைக்குப் போனேன், பேனா பிடித்தேன். அப்பா 1979-ல் காலமானார். 1981-ல் ஏழு மாவையும் விற்றோம். கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட வருஷத்திலேயே நடைபாதைக் கடையில் அட்டை போன 'நிலவளம்' கிடைத்தது. அதை ஒரு நாவலாக மட்டும் என்னால் படிக்க முடிந்ததில்லை.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. 1920-ல் இந்த நாவலுக்காக நோபல் பரிசு பெற்ற ஹாம்ஸன், 1943-ல் அந்தப் பதக்கத்தை கோயபல்ஸுக்கு அனுப்பிவைத்தான். தன் நாட்டை ஆக்கிரமித்திருந்த ஹிட்லர் செத்தபோது பத்திரிகையில் அஞ்சலி எழுதினான். மண்ணின் பெருமை அந்த மண்ணுக்குச் சொந்தமில்லாதவன் என்று யாரையாவது காட்டித் துரத்துவதில் போய் முடியுமா? நாவலுக்குள்ளேயே அந்த விதை இருக்கிறதா என்று இரண்டு தடவை தேடிப் படித்தேன். லாப் இனத்து மனிதர்கள் வரும் இடங்களில் அவன் முகம் சுளிப்பது தெரிகிறது. முதல் படிப்பில் எனக்கு அது தெரியவில்லை. ஐஸக்கின் முதுகுச் சுமையை எழுதியதும் அதே கைதான். இரண்டையும் இளைஞரிடம் சொன்னேன். அப்படியானால் படிக்கலாமா, கூடாதா என்றார். படித்துவிட்டு என்னிடம் சண்டைக்கு வாருங்கள் என்றேன்.

மூன்று வாரம் கழித்து வந்தார், சண்டைக்கு அல்ல. 'அன்பு வழி' முடித்தாயிற்றாம்; ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. 'மதகுரு' பாதியில் நிற்கிறதாம். 'நிலவள'த்தைப் பற்றி ஒரே ஒரு கேள்வி: அமெரிக்காவுக்குப் போன எலெஸியூஸ் என்ன ஆனான்?

திரும்பி வரவில்லை, நாவலில் அவ்வளவுதான், என்றேன். அவர் புத்தகத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, ஊரிலிருந்து அவருடைய அப்பா போன் செய்கிறார் என்று எழுந்து வாசல் பக்கம் போனார்.