பழைய கம்பளி, புதிய ஸ்வெட்டர்

குன்னூர்க் குளிருக்கென்று என் மகன் சாம்பல் நிற ஸ்வெட்டர் ஒன்றை வாங்கி வந்தான். "அத்தா, இது பழைய கம்பளித் துணிகளிலிருந்து செய்தது" என்றான். நீட்டிய என் கை தயங்கியது. சிறுவயதில் ஒரு பெருநாளன்று, பிறர் கொடுத்த சட்டையை அணிந்து தெருவில் நின்றேன். "அது என்னுடைய பழைய சட்டை" என்று ஒரு சிறுவன் எல்லோர் முன்னிலையிலும் விரல் நீட்டினான். அந்த வெட்கம் இன்னும் ஆறவில்லை.

எனினும் விசாரித்தேன். இங்கிலாந்தின் பாட்லி நகரில் 1813-இல் பெஞ்சமின் லா என்பவர் தொடங்கிய தொழில் இது. இன்று இத்தாலியின் பிராட்டோவிலும், நம் நாட்டின் பானிப்பட்டிலும் பெருந்தொழிலாக நடைபெறுகிறது. பானிப்பட்டில் பெண்கள் அமர்ந்து பொத்தான்களையும் ஜிப்புகளையும் அறுத்தெடுக்கின்றனர். துணிகள் நிறவாரியாகப் பிரிக்கப்படுகின்றன. சாம்பலோடு சாம்பலே சேர்வதால் புதிதாகச் சாயம் தோய்க்க வேண்டியதில்லை. பின்னர் எந்திரத்தின் பற்கள் யாவற்றையும் கிழித்துப் பஞ்சாக்கிவிடுகின்றன. யாருடைய சட்டை என்று எவரும் விரல் நீட்ட இயலாது! கிழிபட்ட இழைகள் குட்டையானவை. ஆதலால் வலுவுக்காகப் புதுக் கம்பளியோ நைலானோ கலந்து நூற்கின்றனர்.

மறுநாள் அணிந்துகொண்டேன். கதகதப்புக்குக் குறைவில்லை. முழங்கையில் மட்டும் இப்போது சிறுசிறு உருண்டைகள் திரண்டிருக்கின்றன; குட்டை இழையின் குணம் அது. அந்தப் பெருநாள் கதையை மகனிடம் நான் இதுவரை சொன்னதில்லை.